180 ரூபாய் முக்கோண ஸ்கேல்: பிளான் வரைகிறவளின் மதிப்புரை

வீட்டு பிளான் ஏதாவது கையில் இருந்தால் ஓரத்தில் இருக்கும் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். எழுதியிருக்கும் அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். நான் வரைகிற பிளானிலும் அந்த வரியைப் போடுகிறேன். போட்டுவிட்டு இழுப்பறையிலிருந்து முக்கோண ஸ்கேலை எடுத்து அதே படத்தை அளக்கிறேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம் இது. எந்த பிளானிலும் எல்லா அளவையும் எழுத முடியாது. கதவுக்கும் சுவர் முனைக்கும் நடுவில் பீரோ நிற்குமா என்று வீட்டுக்காரம்மா கேட்டால், அந்த இடத்துக்கு அளவு எழுதியிருக்காது. அப்போது ஸ்கேல்தான்.

ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்தபோது வாங்கிய ஸ்கேலில் எண்களெல்லாம் தேய்ந்து, 50 எது 20 எது என்று தெரியாத நிலை. அதனால் திருச்சியில் ஒரு ஸ்டேஷனரி கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். 180 ரூபாய். இதே அச்சில் வார்த்தது வேறு வேறு பெயரில் விற்கிறது, ஆகவே பிராண்ட் பெயர் சொல்வதில் பயனில்லை. வெள்ளை பிளாஸ்டிக், 30 செ.மீ. நீளம், மூன்று முனை. ஒவ்வொரு முனைக்கும் இரண்டு பக்கம், ஆக ஆறு அளவுகள்: 1:20, 1:25, 1:50, 1:75, 1:100, 1:125. ஒரு பள்ளத்தில் சிவப்புக் கோடு, இன்னொன்றில் பச்சை, மூன்றாவதில் ஒன்றும் இல்லை. இந்த நிறம் அலங்காரத்துக்கு இல்லை. வேலை மும்முரத்தில் ஸ்கேலைப் புரட்டும்போது கண் எண்ணைத் தேடாது, நிறத்தைத்தான் தேடும்.

இந்த ஸ்கேலை முதல்முறை பார்ப்பவர்கள் குழம்புவது ஒரே இடத்தில்தான். சாதாரண ஸ்கேலில் 1 என்றால் ஒரு சென்டிமீட்டர். இதில் 1 என்றால் நிலத்தில் ஒரு மீட்டர், அது தாளில் எவ்வளவு நீளம் பிடிக்கும் என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறும். 1:100 பக்கத்தில் ஒரு மீட்டருக்கு 1 செ.மீ. 1:50 பக்கத்தில் 2 செ.மீ. 1:20-இல் 5 செ.மீ. அதனால் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலின் கடைசி எண் 1:20 பக்கத்தில் 6, 1:50-இல் 15, 1:100-இல் 30, 1:125-இல் 37.5. வகுத்தல் பெருக்கல் எல்லாவற்றையும் கோடு போட்டவனே செய்து வைத்துவிட்டான், நாம் வாசித்தால் போதும். 1:50 படத்தில் ஒரு சுவர் 7.2 செ.மீ. இருந்தால் 3.6 மீட்டர் என்று மனக்கணக்குப் போட வேண்டாம், ஸ்கேலே 3.6 காட்டும்.

புது ஸ்கேல் வாங்கினால் நான் செய்கிற சோதனை ஒன்று உண்டு. நல்ல ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒரு தாளில் சரியாக 20 செ.மீ. கோடு ஒன்று இழுக்க வேண்டும். ஆறு பக்கத்தையும் மாற்றி மாற்றி அந்தக் கோட்டின் மேல் வைத்தால் 4, 5, 10, 15, 20, 25 என்று வர வேண்டும். ஆறும் முழு எண், அரைகுறை இல்லை. இதில் ஐந்து பக்கம் கோட்டின் முனையில் முடியளவும் பிசகாமல் உட்கார்ந்தன. 1:75 மட்டும் அரை மில்லிமீட்டர் போலத் தள்ளி நிற்கிறது. அரை மில்லிமீட்டர்தானே என்று விடலாம், ஆனால் 75 மடங்கில் அது நிலத்தில் கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர். எங்கள் ஆபீஸில் 1:75 படம் வருவது அபூர்வம் என்பதால் திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. உங்களுக்கு அந்தப் பக்கம் தேவைப்பட்டால் கடையிலேயே சோதித்து வாங்குங்கள்.

ஆறு அளவுதான் என்று நினைக்க வேண்டாம். பத்து மடங்கு, நூறு மடங்கு சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை கூடும். சர்வே எண் வாரியாக நிலத்தின் எல்லையைக் காட்டும் புல வரைபடத்தில், அதாவது எஃப்எம்பியில், ஸ்கேல் இன்னது என்று அச்சிட்டிருக்கும். அது 1:1000 என்றால் 1:100 பக்கத்தை வைத்து வருவதைப் பத்தால் பெருக்க வேண்டும். 1:2000 என்றால் 1:20 பக்கம், நூறால் பெருக்கல். 1:250-க்கு 1:25 பக்கம். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்துக்குக்கூட 1:50 பக்கம் ஒத்துவரும், மீட்டர் என்று போட்டிருப்பதைக் கிலோமீட்டர் என்று வாசித்தால் சரி.

நீளத்துக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. பரப்பளவு என்று வரும்போதுதான் வம்பு, ஏனென்றால் அதைப்பற்றி இந்த ஸ்கேல் வாயே திறக்காது.

1:50 படத்தை யாராவது 1:100 பக்கத்தால் அளந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேல் கையில் சுழன்றால் நடக்கக்கூடியதுதான். 3 மீட்டர் 6 மீட்டர் ஆகும், 3.6 மீட்டர் 7.2 ஆகும். இரண்டு மடங்கு தப்பு என்று தோன்றும். அறைக்கு டைல்ஸ் எடுக்கும்போது பாருங்கள்: உண்மையில் 10.8 சதுர மீட்டர், வருகிற கணக்கு 43.2. நாலு மடங்கு. நீளமும் இரட்டித்தது, அகலமும் இரட்டித்தது, இரண்டையும் பெருக்கினோம். நீளம் எத்தனை மடங்கோ அதன் வர்க்கம்தான் பரப்பளவின் மடங்கு. பள்ளிக்கூடத்தில் வடிவொத்த முக்கோணங்கள் பாடத்தில் எல்லோரும் படித்தோம், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினோம். டைல்ஸ் கடையில் நிற்கும்போது அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

நாலு மடங்கு தப்பு என்றால் யாராவது ஒருவர் முழித்துக்கொண்டு கேட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் ஆபத்து சின்னத் தப்பில்தான் இருக்கிறது. நம் ஊரில் சைட்டில் எல்லோரும் பேசுவது அடிக்கணக்கு. பழைய பிளான்களில் கால் அங்குலம் ஓர் அடிக்குச் சமம் என்று போட்டிருக்கும். ஓர் அடியில் 12 அங்குலம், அதில் கால் அங்குலம் 48. ஆக அது 1:48. கையில் இருக்கும் 1:50 பக்கம் "கிட்டத்தட்ட அதுதானே" என்று கூப்பிடும். பத்தடி அறையை அளந்தால் 3.175 மீட்டர் காட்டும், அதாவது பத்தடி ஐந்து அங்குலம். ஐந்து அங்குலம் கூடுதல் என்று யாருக்கும் உறைக்காது, அறை பெரிதாக இருந்தால் யாருக்குத்தான் கசக்கும். வீடு முழுவதுக்கும் போட்டால் 1000 சதுர அடி வீடு 1085 ஆகிவிடும். சதுர அடிக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்ட் பேசும் ஊரில் 85 சதுர அடி விளையாட்டு இல்லை. அங்குல பிளானுக்கு அங்குல ஸ்கேல் வேண்டும். இந்த ஸ்கேல் அதற்கு உதவாது, பெட்டியில் அதை எழுதவும் இல்லை.

அடுத்தது பிரிண்ட். ஸ்கேல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் தாள் பொய் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆன்லைனில் எடுத்த பிடிஎஃப்பை ஏ4-இல் அச்சடிக்கும்போது "பக்கத்துக்குள் அடங்கும்படி" என்கிற தேர்வு தானாகவே விழுந்திருக்கும். தாளின் ஓரத்தில் அச்சடிக்க முடியாததால் பிரிண்டர் படத்தைச் சற்றே சுருக்கும். 97% என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. 40-க்கு 60 மனையை அந்தத் தாளில் அளந்தால் 38.8-க்கு 58.2 வரும். உண்மை 2400 சதுர அடி, தாளில் வருவது 2258. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, ஆக சென்டில் மூன்றில் ஒரு பங்கு பிரிண்டருக்குள் காணாமல் போய்விட்டது. பக்கத்து மனைக்காரர் கல்லைத் தள்ளி நட்டுவிட்டார் என்று சண்டைக்குக் கிளம்புகிறவர்கள், கிளம்பும் முன் பிரிண்ட் அமைப்பில் நூறு சதவீதம், அதாவது "உண்மை அளவு" என்று இருந்ததா என்று பார்த்துவிட்டுப் போகலாம்.

ஜெராக்ஸ் கடையில் இன்னொரு வேடிக்கை. ஏ3 பிளானை ஏ4 ஆக்கித் தரச் சொன்னால் மெஷின் முன் நிற்கும் தம்பி, "பாதியாக்கணும்னா 50% போடவாக்கா?" என்று கேட்பான். "71% போடுப்பா" என்றால் நம்பாமல் பார்ப்பான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஏ4 தாள் ஏ3-யில் பாதிதான். ஆனால் பாதியானது பரப்பளவு. மெஷினில் போடும் சதவீதம் நீளத்துக்கு. நீளத்தை 0.707 ஆக்கினால்தான் பரப்பு 0.5 ஆகும். 50% போட்டால் படம் ஏ5 அளவுக்குச் சுருங்கி ஏ4 தாளின் நடுவில் பரிதாபமாக நிற்கும். திரும்பப் பெரிதாக்க 141%, அதாவது இரண்டின் வர்க்கமூலம்.

இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களைப் பாராட்ட வேண்டும். தாளின் நீள அகலம் வர்க்கமூலம் இரண்டு விகிதத்தில் இருந்தால், பாதியாக மடித்தாலும் அதே விகிதம் நிற்கும் என்று லிக்டென்பெர்க் என்ற ஜெர்மன் பேராசிரியர் 1786-இலேயே ஒரு கடிதத்தில் எழுதினார். 1922-இல் ஜெர்மனி அதைத் தரமாக்கியது, பிறகு உலகம் எடுத்துக்கொண்டது. ஏ0 தாள் 841-க்கு 1189 மி.மீ., பரப்பு ஒரு சதுர மீட்டர். அதிலிருந்து ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. அதனால்தான் ஏ1-இல் வரைந்த பிளானை எந்த ஓரமும் வெட்டுப்படாமல் ஏ3-க்கு இறக்க முடிகிறது. அதற்கு 50% போட வேண்டும், இங்கே தம்பி சொல்வது சரி. 1:100 படம் 1:200 ஆகும், 1:20 பக்கத்தை எடுத்துப் பத்தால் பெருக்கலாம்.

ஏ2-விலிருந்து ஏ3-க்கு இறக்கும்போதுதான் தலைவலி. 1:100 படம் 1:141 ஆகிவிடும். 1:141 பக்கம் எந்த ஸ்கேலிலும் இல்லை. படத்தின் கீழே மட்டும் இன்னும் 1:100 என்றே எழுதியிருக்கும், அந்த எழுத்தும் சேர்ந்து சுருங்கியதே தவிர எண் மாறாது. இதற்கு நான் செய்வது: எழுதிய அளவுள்ள ஒரு சுவரைத் தேடுவேன். 3.60 என்று எழுதியிருக்கிறது, 1:100 பக்கம் 2.55 காட்டுகிறது என்றால், 2.55-ஐ 3.60-ஆல் வகுத்தால் 0.708. அதற்குப் பிறகு அந்தத் தாளில் அளக்கிற எந்த நீளத்தையும் 0.708-ஆல் வகுக்க வேண்டும். பரப்பை வகுப்பதென்றால் 0.708-இன் வர்க்கத்தால், அதாவது ஏறக்குறைய பாதியால். சுவர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது, சின்ன ஜன்னலை வைத்து விகிதம் கண்டுபிடித்தால் கண் பிசகே பெரிதாகத் தெரியும். நான் வரைகிற பிளானில் எண்ணோடு நிற்காமல் ஒரு கோட்டு ஸ்கேலும், அதாவது மீட்டர் குறித்த ஒரு கோடும், போட்டுவிடுகிறேன். படம் சுருங்கினால் கோடும் சேர்ந்து சுருங்கும், ஆகவே அது பொய் சொல்லாது.

கன அளவு இன்னும் மோசம். சம்ப் தொட்டி 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம்: 4500 லிட்டர். "தண்ணி பத்தாதுங்க, எல்லாப் பக்கமும் ஒன்றரை மடங்கு ஆக்கிடுங்க" என்பார்கள். கேட்க நியாயமான கோரிக்கை மாதிரி இருக்கும். ஒன்றரையை மூன்று முறை பெருக்கினால் 3.375. தொட்டி 15,000 லிட்டரைத் தாண்டும், தோண்டுகிற மண்ணும் அதே மடங்கு. அவர்கள் நினைத்தது 6750 லிட்டர். அதற்கு ஒவ்வொரு பக்கமும் ஏழில் ஒரு பங்கு போலக் கூட்டினால் போதும், 2.29-க்கு 1.72-க்கு 1.72. காகிதத்தில் இதைக் காட்டினால் "இவ்வளவுதானா கூட்டுறது?" என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள். இதற்கு ஸ்கேல் உதவாது, கால்குலேட்டர்தான்.

பொருளுக்கு வருகிறேன். கோடுகள் மெல்லியவை, கருப்பு நன்றாகப் பிடித்திருக்கிறது. எண்கள் பள்ளமாக இல்லாமல் மேலாக அச்சிட்டவை, எனவே இவையும் ஒருநாள் தேயும். பூஜ்யம் ஸ்கேலின் முனையிலேயே தொடங்காமல் சற்று உள்ளே தொடங்குகிறது. இது நல்ல அமைப்பு, முனை மழுங்கினாலும் அளவு கெடாது. முக்கோணமாக இருப்பதால் விளிம்பு தாளை ஒட்டி நிற்கிறது, பக்கவாட்டில் பார்க்கும்போது வரும் பிசகு குறைவு. ஆனால் இதை வைத்துப் பென்சில் கோடு இழுக்காதீர்கள், விளிம்பு சீக்கிரம் கெட்டுவிடும். அளக்க ஒன்று, கோடு போட வேறு ஒன்று என்று வைத்துக்கொள்வதுதான் முறை.

திருச்சி வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் இதைப் போட்டு வைக்கக் கூடாது. வெப்பத்தில் பிளாஸ்டிக் நீளும், இருபது டிகிரி ஏறினால் 30 சென்டிமீட்டரில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளலாம். அது நிழலில் வைத்தால் திரும்பிவிடும். வளைந்துவிட்டால்தான் தொல்லை, வளைந்தது நிமிராது. அலுமினியத்தில் செய்தது வெப்பத்துக்கு இவ்வளவு அசையாது, விலைதான் பல மடங்கு. ஆபீஸ் மேசைக்கு பிளாஸ்டிக் போதும் என்பேன். சைட்டுக்குப் போவதென்றால் இரண்டுமே வேண்டாம், சட்டைப் பையில் நுழையும் தட்டையான 15 செ.மீ. ஸ்கேல் வாங்குங்கள். முக்கோணம் பையில் குத்தும், சிமென்ட் தூசி பள்ளத்தில் ஏறினால் நிறமே தெரியாது. மேஸ்திரி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு டேப்பை நீட்டுவார், அவர் செய்வதும் சரிதான். 1:100 படத்தில் பேனாக் கோட்டின் தடிமன் 0.2 மி.மீ. என்றாலே நிலத்தில் 2 செ.மீ. அதற்கு மேல் துல்லியத்தை ஸ்கேலிடம் கேட்க முடியாது. பிளான் ஓரத்தில் அந்த எச்சரிக்கை வரி இருப்பதும் இதற்காகத்தான்.

எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுக்கலாமா என்றால், தாராளமாக. விகிதப் பாடத்துக்கு இதைவிட எளிய கருவி கிடையாது. உங்கள் வீட்டு ஹாலை 1:50-இல் வரையச் சொல்லுங்கள், பிறகு அதையே 1:100-இல். இரண்டையும் கத்தரித்து, பெரிய படத்தை மூட எத்தனை சின்னப் படம் வேண்டும் என்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாலிடெக்னிக் பிள்ளைகள் இதை வாங்கும் முன் ஆசிரியரைக் கேட்டுவிடுங்கள், என்ஜினீயரிங் டிராயிங் வகுப்புக்குப் பல இடங்களில் எம்1 முதல் எம்8 வரையுள்ள அட்டை ஸ்கேல் செட்தான் கேட்பார்கள்.

வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும், எல்லா முக்கோணமும் ஒன்றல்ல. 20, 25, 50, 75, 100, 125 என்று இருந்தால் வீட்டு பிளானுக்கு ஏற்றது. 100, 200, 300, 400, 500, 600 என்று இருப்பது மனை, லேஅவுட் வேலை செய்கிறவர்களுக்கு. 10, 20, 30, 40, 50, 60 என்று இருப்பதைப் பார்த்து இதுவும் அதே இனம்தான் என்று ஏமாறாதீர்கள். அது ஓர் அங்குலத்தை இத்தனை பாகமாகப் பிரித்த அமெரிக்க அளவு, இணையக் கடைகளில் படம் ஒரே மாதிரி இருப்பதால் தெரியாமல் வந்து சேரும். கடைக்காரரிடம் "முக்கோண ஸ்கேல்" என்று மட்டும் கேட்டால் கையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பார், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை. 1:75 பக்கம் சரியாக விழுந்திருந்தால் நாலு கொடுத்திருப்பேன்.